பஞ்சி என்னும் பழி

வன்னி மக்களின் பேச்சு வழக்கிலே ‘பஞ்சி’ என்றொரு சொல் உண்டு. சோம்பல், உடல் வளையாமை, வேலையில் மனம் செல்லாமை ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே சுட்டும். சொல் சிறியது, அது சுமத்தும் பழியோ பெரியது. காலைப் பிரார்த்தனையில் நிற்க மாட்டாமல் சுவரோரம் சாய்ந்துவிட்ட மாணவியின் தாயை அழைத்து உசாவினால், “இவளுக்கு எந்நேரமும் பஞ்சி, ரீச்சர்” என்கிறாள். அத்தாயின் முகத்தைப் பார்த்தால், அவளும் இரு படி ஏறிவிட்டு மூச்சு வாங்க நிற்பவள் என்பது தெரிகிறது. அவளைப் பஞ்சி பிடித்தவள் என்று அவள் மாமியார் சொல்லியிருப்பாள். இவ்வாறு ஒரு சொல் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மீது ஏறிக் குந்தியிருக்கின்றது.

அச்சொல் என்மீதும் ஏறியது. இரண்டாண்டுகளுக்கு முன்னர், மூன்றாம் பாடவேளை முடிவதற்குள் கரும்பலகை கண்ணுக்கு மங்கலாகத் தொடங்கியது. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. இரவிலே கால்கள் ஓரிடத்தில் கிடக்க மறுத்தன. வைத்தியசாலை ஒன்றில் குருதி சோதித்தார்கள். ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.2 கிராம். “எல்லாம் சாதாரணம். ரீச்சர் கொஞ்சம் ஓய்வெடுத்தால் போதும்” என்று துண்டைத் திருப்பித் தந்தார்கள். சில மாதங்களின் பின் வேறொரு வைத்தியர், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் என்னும் புரதத்தையும் அளக்கச் செய்தார். லீற்றருக்கு 18 மைக்கிரோகிராம். அதுவும் கோட்டுக்கு மேலேதான். மூன்றே மூன்று புள்ளிகள் மேலே. “கோட்டுக்கு மேலே நிற்கிறீர்கள், ஆனால் கோட்டில்தான் நிற்கிறீர்கள்” என்றார் அவர்.

அந்தக் கோட்டை யார் கீறினார்கள்? எப்பொழுது கீறினார்கள்? எதற்காகக் கீறினார்கள்? தமிழ் படித்தவளுக்கு இது புறத்துறை எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் உழைக்கும் மக்களின் களைப்புக்கு ஒரு வரலாறு இருக்குமாயின், அதனைத் தேடுவது நம் அனைவருக்கும் உரிய கடமையாகும்.

களைப்பும் வெளிறலும் நம் முன்னோர் அறியாத நோயன்று. சித்த மருத்துவம் அதனைப் ‘பாண்டு’ என்றும் ‘சோகை’ என்றும் வழங்கியது. அதற்கு மருந்தாக அயச் செந்தூரத்தையும் அன்னபேதிச் செந்தூரத்தையும் கொடுத்தது. அன்னபேதி என்பது வேறொன்றுமன்று; இன்று குளிசையாக வழங்கப்படும் இரும்புச் சல்பேற்றேயாகும். இரும்பு குருதியைத் தேற்றும் என்பதை, குருதியில் இரும்பு இருப்பதை அறியுமுன்னரே நம்மவர் பட்டறிவால் கண்டிருந்தனர்.

ஐரோப்பாவிலும் இவ்வாறே நடந்தது. 1554ஆம் ஆண்டில் யொகான்னெஸ் லாங்கே என்ற யேர்மன் மருத்துவர், வெளிறிப்போய் மாடியேற மூச்சு முட்டும் கன்னிப் பெண்ணொருத்தியைப் பற்றிக் கடிதம் எழுதினார். இதனைக் கன்னியர் நோய் என்று பெயரிட்டு, விரைவில் மணமுடித்து வைப்பதே மருந்து எனப் பரிந்துரைத்தார். “கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்” என்று இன்றும் நம் ஊர்களிற் சொல்லப்படும் வைத்தியம் அன்றைய ஐரோப்பாவின் வைத்தியமுமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தோமஸ் சிடனாம் இரும்பை மருந்தாகக் கொடுத்தார். 1830களின் தொடக்கத்தில் பிரான்சின் பியர் புளோ, இரும்புச் சல்பேற்றிலிருந்து உருட்டிய மாத்திரைகளால் புகழ் பெற்றார். ஆயினும் அந்நூற்றாண்டு முழுவதும் அந்நோய் இளம்பெண்களின் மனக்கோளாறு, காதல் ஏக்கம் என்றே பலராலும் பேசப்பட்டது. 1893இல் எடின்பரோவில் றால்ஃப் ஸ்ரொக்மன், இரும்பைத் தோலுக்கடியில் ஊசியாக ஏற்றியும் நோய் தேறுவதைக் காட்டினார். குறை பெண்ணின் மனத்திலன்று, அவள் குருதியிலே என்பது அப்போதுதான் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. மூன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு பற்றாக்குறை ஒரு குணக்கேடாகக் கருதப்பட்டு வந்ததை இங்கே மனங்கொள்ளுதல் வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள் நம் நாட்டு மக்களைச் சோம்பேறிகள் என்று எழுதி வைத்தமை பலரும் அறிந்ததே. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைந்நூலை வெளியிட்டபோது, வவுனியாவும் முல்லைத்தீவும் மக்கள் அருகிய காட்டுப் பிரதேசங்களாயிருந்தன. உடைந்த குளங்கள், பொய்த்த விளைச்சல், காய்ச்சல், பறங்கி நோய் ஆகியவற்றிடையே சனங்கள் வாழ்ந்தார்கள். பறங்கி நோய் பற்றி இலங்கையின் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரி கின்சி 1881இலேயே தனி அறிக்கை எழுதினார் என்றால், அதன் கொடுமையை ஊகிக்கலாம். மலேரியாக் கிருமி குருதியின் செங்கலங்களுள் புகுந்து, பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளிப்படுவது. ஆண்டுதோறும் அந்தக் காய்ச்சலில் விழுந்தெழும் மனிதனின் மண்ணீரல் வீங்கும், குருதி வற்றும். குளக்கட்டை உயர்த்த அவனுக்குக் கை எழாது. கை எழாததைக் கண்ட துரை, சோம்பேறி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

1934-35ஆம் ஆண்டுகளில் தென்மேற்கிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலைப் பகுதி மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள், நுளம்போடு பட்டினியும் சேர்ந்தே மக்களைக் கொல்கிறது என்பதைக் கண்டார்கள். நலிந்தவர்களுக்கு மார்மைற்றை வழங்கினார்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பம்பாயின் துணியாலைப் பெண்களுக்குக் கருப்பகாலத்தில் வரும் கொடிய சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், அதே மார்மைற்று அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டிருந்தார். அது இரும்புக் குறையன்று. பின்னர் போலிக் அமிலம் என்று அறியப்பட்ட வேறொரு சத்தின் குறை. ஆயினும் ஓர் உண்மை ஒன்றே: ஆலையிலும் வயலிலும் உழைத்த ஏழையின் தட்டிலே இல்லாததுதான் அவள் குருதியிலும் இல்லாது போயிற்று.

மலைநாட்டின் கதை வேறு வழியால் அதே இடத்துக்கு வருகின்றது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளரை வாட்டியது கொழுக்கிப்புழு. மண்ணில் வாழும் அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலினுட் செல்கிறது என்பதை, 1898இல் எகிப்தில் ஆர்தர் லூஸ் தம் கையின் மீதே தற்செயலாகக் கண்டறிந்தார். குடலிலே பற்றிக்கொண்டு அது நாள்தோறும் குருதி உறிஞ்சும். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு இலங்கைத் தோட்டங்களிற் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டுவதற்கும் லயத்தைத் திருத்துவதற்கும் ஆகும் செலவைத் தோட்டத்துரைமார் விரும்பவில்லை. ஆதலால் புழு மீண்டும் வந்தது. மருந்து மலிவு, நீதி விலை கூடியது. முதலாளித்துவம் எப்பொழுதும் மலிவானதையே தேர்ந்தெடுக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சரி, கோட்டின் கதை என்ன? 1878இல் வில்லியம் கவர்ஸ் குருதியின் செந்நிறத்தை ஒப்பிட்டு அளக்கும் எளிய கருவியொன்றை அமைத்தார். பின்னர் சாலியின் கருவி வந்தது. நம் நாட்டு வைத்தியசாலைகளிலும் நெடுங்காலம் அது பயன்பட்டது. அளக்கத் தெரிந்ததும், எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் 1958இல் கூட்டிய குழுவும், அதனைத் தொடர்ந்து 1968இல் வெளிவந்த அறிக்கையும் விடை தந்தன: ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12, கருவுற்றோருக்கு 11. இதற்குக் குறைந்தால் சோகை. 2024இல் இக்கோடுகள் மீளாய்வு செய்யப்பட்டபோதும் ஆண்களுக்கும் கருவுறாத பெண்களுக்கும் உரிய எண்கள் மாறவில்லை.

ஒரு நாட்டின் மக்களுள் எத்தனை பேருக்குச் சோகை என்று கணக்கெடுப்பதற்கு இத்தகைய கோடு இன்றியமையாதது. கோடு கீறியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பலரைக் கணக்கிடக் கீறிய கோட்டை எடுத்து, ஒருத்தியின் களைப்பு மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் அளவுகோலாக்கும்போதே பிழை நேர்கிறது. முந்திய ஆண்டு 14 கிராம் இருந்து இவ்வாண்டு 12.2க்கு இறங்கியவளும், என்றும் 12.2இலேயே நலமாயிருப்பவளும் அக்கோட்டின் முன்னே ஒருவரே.

உடலின் கணக்கு ஏழை வீட்டின் கணக்கைப் போன்றது. வளர்ந்த ஒருவரின் உடலில் மூன்று முதல் நான்கு கிராம் வரையான இரும்பே உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈமோகுளோபினில் வேலை செய்கிறது. மிச்சத்திற் பெரும்பகுதி ஈரலிலும் எலும்பு மச்சையிலும் சேமிப்பாக இருக்கும். பெண்ணின் சேமிப்பு ஆணினதை விடக் குறைவு. மாதந்தோறும் அவள் இழப்பதோ கூட. ஒவ்வொரு மில்லிலீற்றர் குருதியோடும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. வரவு குறைந்தால் உடல் முதலிற் சேமிப்பையே எடுத்துச் செலவிடும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஆனால் நெற்கூடை அடி தட்டியிருக்கும். வாசலில் நின்று புகையை மட்டும் பார்ப்பவன், இவ்வீட்டிற் குறையில்லை என்பான். ஈமோகுளோபின் என்பது அந்தப் புகை. பெரிற்றின் என்பது கூடையினுட் கைவிட்டுப் பார்ப்பது.

கைவிட்டுப் பார்க்கும் வழி மிகப் பிந்தியே வந்தது. 1937இல் லோபர்கர் என்ற செக் நாட்டறிஞர் குதிரையின் மண்ணீரலிலிருந்து பெரிற்றினைப் பிரித்தெடுத்தார். 1972இலேதான் வேல்சின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் குருதித் தெளிவிலே அதனை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்னர் சேமிப்பை அறிய எலும்பு மச்சையைத் துளைத்தெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஏர்னஸ்ற் போய்ற்லரும் தோழரும் அவ்வாறு செய்து, சோகையில்லாது நெடுநாட் களைப்புற்ற பெண்களை ஆராய்ந்து 1960இல் முடிவுகளை வெளியிட்டனர். சேமிப்பு வற்றியிருந்த பெண்கள் வெற்றுக் குளிசையை விட இரும்புக் குளிசையால் தேறினர் என்று அவர்கள் கண்டனர்.

எல்லோரும் இதனை ஏற்றுக்கொண்டனர் என்று கூறுவது நேர்மையாகாது. 1960களில் வேல்சில் பீற்றர் எல்வூட் நடத்திய ஆய்வுகள், இரும்பு கொடுத்து ஈமோகுளோபினை உயர்த்தியும் பெண்கள் கூறிய களைப்பும் மூச்சுத்திணறலும் அதற்கேற்பக் குறையவில்லை என்றே காட்டின. களைப்புக்குக் காரணங்கள் பல என்ற எச்சரிக்கை அதில் அடங்கியிருந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் சேமிப்பையும் சேர்த்து அளந்தபோது கேள்வி மேலும் தெளிவாயிற்று. 2003இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் களைப்புற்ற, சோகையற்ற 144 பெண்களுக்கு நான்கு வாரம் இரும்போ வெற்றுக் குளிசையோ கொடுத்துப் பார்த்தனர். இரும்பு பெற்றோரின் களைப்பு 29 விழுக்காடும் மற்றோரின் களைப்பு 13 விழுக்காடும் குறைந்தன. பயன்பெற்றோர் பெரிற்றின் 50 அல்லது அதற்குக் குறைவாக இருந்தோரே. 2012இல் பிரான்சில் 198 பெண்களிடையே பன்னிரு வாரம் நடந்த சோதனையிலும் இரும்பு பெற்றோர் கூடுதலாகத் தேறினர். அங்கும் வெற்றுக் குளிசை பெற்றோர் ஓரளவு தேறினர் என்பதை மறைத்தலாகாது. தன் சொல்லுக்குச் செவி கொடுக்கப்பட்டாலே மனிதர் சற்றுத் தேறுகின்றனர் போலும்!

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோருக்குக் கீறிய பெரிற்றின் கோடு 15. மேற்கூறிய ஆய்வுகளிற் பயன்பெற்ற பெண்களுட் பலர் 15க்கும் 50க்கும் இடையே நின்றவர்கள். அந்த இடைவெளியிலேதான் ‘சாதாரணம்’ என்ற துண்டோடு திரும்பி அனுப்பப்படும் பெண்கள் வாழ்கின்றனர். இன்னுமொன்று: காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது பெரிற்றின் பொய்யாக உயர்ந்து காட்டும். அத்தகையோருக்கு அதே நிறுவனம் 70 என்ற கோட்டைக் கூறுகிறது. நோய் நொடி மலிந்த நாட்டில் ஒற்றை எண்ணை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு இது போதும்.

நம் நாடு இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளனாக இருக்கவில்லை. 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே எட்ஜர்ற்றன், கார்ட்னர் ஆகிய அமெரிக்க ஆய்வாளரும் செனவிரத்ன முதலிய இலங்கை மருத்துவரும் சேர்ந்து ஆராய்ந்தனர். 1977இல் வெளிவந்த முடிவு, குருதி குறையக் குறைய உழைக்கும் ஆற்றலும் படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. 1979இல் வெளிவந்தது இன்னும் கூர்மையானது. பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தனர். ஒரு மாதம் இரும்பு பெற்று ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள், பெறாதவர்களை விடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். மிகக் குறைந்த குருதியுடையோரிடமே முன்னேற்றம் மிகுதி. வேலை நேரத்திற்கு அப்பாலும் அவர்களின் அன்றாட நடமாட்டத்தை அளந்தார்கள். மூன்று வாரத்தில் அதுவும் கூடியிருந்தது. நூறாண்டுக் காலம் துரைமாரும் கங்காணிமாரும் சோம்பல் என்று திட்டியது சோம்பலன்று என்பதைத் தராசு நிரூபித்தது.

இச்சோதனையைப் படிக்கையில் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. ஏழையின் களைப்பு மெய்யென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு அது கொழுந்தின் நிறையாக மாறிக் காட்டவேண்டியிருந்தது! அவள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச முடியாமற் போனதை நிறுக்க எந்தத் தராசும் இருக்கவில்லை. கூடுதலாகப் பறித்த கொழுந்தால் யார் வீடு செழித்தது என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது.

அப்பெண்கள் நமக்கு அந்நியரல்லர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களுட் பல குடும்பங்கள், 1977 ஆகஸ்ற் வன்செயல்களின் பின்னர் மலையை விட்டு வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. அக்கொழுந்துக் கூடைக்காரிகளின் பேத்திமார் இன்று எம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். பின்னர் போர் வந்தது; 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள்ளே இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று உணவு பெற்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் பல வீட்டுத் தட்டிலிருந்து மறைந்தன. மலேரியா மட்டும் ஒழிந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென அறிவிக்கப்பட்டது. நுளம்பை வென்ற நாட்டால் பசியை வெல்ல முடியாதென்று யாரும் கூற வேண்டாம்.

நம் வீடுகளின் வழக்கத்தையும் சற்று நோக்குவோம். எல்லோரும் உண்ட பின் சட்டியின் அடியிலுள்ளதைப் பெண் உண்கிறாள். மீன் துண்டு உழைக்கும் ஆணுக்கென்று போகிறது. அவள் உழைப்பு உழைப்பென எண்ணப்படவில்லை. சோற்றோடு சோறாக ஒரு கோப்பை பிளேன்ரீ. தேநீர் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதை வெகுவாகக் குறைக்கும் என்பது 1975இலேயே காட்டப்பட்டது. அம்மலைப் பெண்கள் பறித்த கொழுந்து, அவர்களின் கூலியைப் போலவே அவர்களின் குருதியையும் குறைத்தது என்பது வரலாற்றின் கசப்பான முரண். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதும், கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பதும் காசில்லாத வைத்தியம். ஆனால் வெறும் கீரையை மட்டும் கூறி ஏழையை அனுப்பிவிடுவது, மணமுடித்து வை என்ற லாங்கேயின் வைத்தியத்தினும் பெரிதாக மேம்பட்டதன்று.

இதனைப் படித்துவிட்டு எவரும் தாமாகக் கடையில் இரும்புக் குளிசை வாங்கி விழுங்கத் தொடங்க வேண்டாம். நம் நாட்டில் தலசீமியாக் கூறுடையோர் பலருளர்; அவர்களின் குருதி இரும்புக் குறைபோலவே தோற்றும், ஆனால் தேவையற்ற இரும்பு அவர்களுக்குத் தீங்காகலாம். குடற்புண், தைரொயிட்டுக் குறை, மனத்துயர் ஆகியனவும் களைப்பாகவே வரும். நான் வைத்தியரின் சொற்படி மூன்று மாதம் குளிசை எடுத்தேன். கரும்பலகை மீண்டும் தெளிவாயிற்று. என் ஒருத்தியின் அநுபவம் சான்றாகாது. கேட்கவேண்டியது ஒன்றே: களைப்பென்று வருபவளிடம் எண்ணைக் காட்டி வாயடைக்காமல், மாதவிலக்கு எவ்வளவு, தட்டில் என்ன, பிள்ளைகள் எத்தனை என்று உசாவுங்கள்; கூடையினுட் கைவிட்டுப் பாருங்கள். அந்தச் சோதனை காசுள்ளவளுக்குத் தனியார் ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி, குடியேற்றக் கிராமத்துத் தாய்க்கும் இலவசமாகக் கிட்டவேண்டும். இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் போராடிப் பெற்ற சொத்து. அதனைக் குறைவின்றிக் கேட்பது பிச்சையன்று, உரிமை.

சுவரோரம் சாய்ந்த அந்த மாணவியைத் தாயோடு வைத்தியரிடம் அனுப்பினேன். மகளுக்கு 11.8, தாய்க்கு 12.1. மகளுக்குக் குளிசை கிடைத்தது. தாயை, கோட்டுக்கு மேலே நின்ற குற்றத்துக்காக, ஒன்றும் கொடாமல் அனுப்பிவிட்டார்கள். “எனக்கு வருத்தமொன்றும் இல்லையாம், ரீச்சர். வெறும் பஞ்சிதானாம்” என்று சொல்லிவிட்டுத் தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மறுமொழி கூறவேண்டிய பொறுப்பு அவளுடையதன்று, நம்முடையது. மறு வாரம் நானே அவளோடு சென்று, பெரிற்றினையும் அளக்கும்படி எழுதித் தருமாறு கேட்டு வரிசையில் நின்றேன்.